பல் எடுக்கும்போது மூச்சைப் பார்ப்பது யார்?

"ஒரு ஊசிதான், மரத்துப்போயிடும்"னு பல் டாக்டர் சொன்னதும் தலையாட்டிடுறோம். ஆனா, மரத்துப்போவது வேறு, மயக்கம் வேறு. லிக்னோகெய்ன் ஊசி போட்ட இடம் மரத்துப்போகும். நீங்க முழிச்சுதான் இருப்பீங்க. புரோபோஃபால் போன்ற மருந்துகள் மூளையையே தூங்கவைக்கும். அளவு கூடினால் மூச்சே நின்றுவிடலாம்.

2015-ல் கலிஃபோர்னியாவில் பல் எடுக்கப்போன 6 வயதுச் சிறுவன், மயக்கத்தில் மூச்சு நின்று இறந்துபோனான். மயக்கம் கொடுத்தது, பல்லை எடுத்தது எல்லாம் ஒரே டாக்டர். அதன்பிறகு அங்கே சட்டம் மாறியது. 2022 முதல், 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால் டாக்டரோடு இன்னும் 2 பேர் இருக்கணும். டாக்டரே மயக்கமும் கொடுத்தால், அந்த இருவரில் ஒருவருக்குக் குழந்தையைக் கண்காணிப்பது மட்டும்தான் வேலை. கருவிகளைப் படிக்கத் தெரிந்தவராகவும் அவர் இருக்கணும்.

ஏன் தனியாக ஒரு ஆள்? கோவிட் காலத்தில் நாம விரல்ல மாட்டின ஆக்ஸிமீட்டர், மூச்சு நின்னதும் உடனே காட்டாது. ஆக்ஸிஜன் அளவு குறைய நேரமாகும். மூச்சுக்காற்றை அளக்கும் கேப்னோகிராஃப் முதலிலேயே சொல்லிவிடும். ஆனா, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிச்சிருக்கிற உதவியாளர் அதை எப்படிக் கவனிப்பார்?

எந்த ஊர் கிளினிக்கா இருந்தாலும் நாற்காலியில் சாயுறதுக்கு முன்னாடி கேளுங்க: "மரத்துப்போற ஊசியா, மயக்கமா? மயக்கம்னா, மூச்சைப் பார்க்க யார் இருப்பாங்க?"