ரொட்டிக்கு ஒரு சட்டம்

வெளியூர் போனால் முதலில் கோயிலையும் கோட்டையையும் பார்ப்பவர்கள் உண்டு. நாம் முதலில் தேடுவது பலகாரக் கடை. பாரிஸ் நகரத்திலும் அந்த விரதத்துக்குப் பங்கம் வரவில்லை. ஐபெல் கோபுரம் எங்கும் ஓடிப் போகாது. அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியோ ஆறிப் போய்விடும்!

அந்த ஊர் ரொட்டிக்குப் 'பாகெத்' என்று பெயர். ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான நீளம். எடை சுமார் கால் கிலோ. வாங்குகிறவர்கள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியிலேயே நுனியைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். நாமும் பிட்டோம். மேல் ஓடு அப்பளம் போல நொறுங்கிற்று. உள்ளே மிருதுவும், இலேசான புளிப்பு வாசனையும் இருந்தன. மாவை அவசரப்படுத்தாமல் பல மணி நேரம் புளிக்க விடுவதே இதன் ரகசியம். இரவு இட்லிக்கு அரைத்து வைத்துக் காலை வரையில் காத்திருக்கும் நம் இல்லத்தரசிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த ருசிக்கும் ஒரு கண்டம் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் யந்திரங்கள் மாவை அதிவேகமாகப் பிசைந்தன. ரொட்டி வெளுத்தது, ருசியும் வெளுத்தது. பிறகு ஆலையில் பிசைந்து பனியாக உறைய வைத்த மாவு கடைகளுக்கு வரத் தொடங்கிற்று. அதைச் சூடு காட்டி எடுத்தவரும் 'ரொட்டிக்காரர்' என்றே பலகை மாட்டிக்கொண்டார்.

பிரெஞ்சு சர்க்கார் விழித்துக்கொண்டது. 'பிரெஞ்சு சம்பிரதாய ரொட்டி' என்று விற்பதை எந்த நிலையிலும் உறைய வைக்கக் கூடாது, ரசாயனச் சேர்க்கை கூடாது என்று 1993-ம் வருஷம் உத்தரவு பிறந்தது. மாவைப் பிசைந்து, புளிக்க வைத்து, உருட்டி, விற்கும் இடத்திலேயே சுடுகிறவர்தாம் 'ரொட்டிக் கடை' என்று பலகை போடலாம் என 1998-ம் வருஷச் சட்டம் விதித்தது. 2014-ம் வருஷம் போஜன சாலைகளுக்கும் ஒரு முத்திரை ஏற்பட்டது. சமைக்காத பொருள்களிலிருந்து அங்கேயே ஆக்கிய பண்டத்துக்கு, கூரையை மூடியாகக் கொண்ட ஒரு பாத்திரத்தின் படம் அடையாளம். பாகெத் செய்யும் கைத்தொழிலை யுனெஸ்கோ 2022-ம் வருஷம் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

இவற்றில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உறைந்த மாவில் ரொட்டி சுடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தகாத பெயரைச் சூட்டிக்கொள்வதை மட்டுமே தடுக்கிறது. மலிவானது வேண்டுமா, நல்லது வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு சாப்பிடுகிறவருடையது.

சம்பிரதாயம் என்றதும், அது பரம்பரைப் பிரெஞ்சுக்காரருக்கே உரிய சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். பாரிஸில் 1994-ம் வருஷம் முதல் சிறந்த பாகெத்துக்குப் போட்டி நடந்து வருகிறது. சுட்டவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியாது. அளவும் எடையும் தவறிய ரொட்டிகள் ருசி பார்ப்பதற்கு முன்பே தள்ளப்படும். 2023-ம் வருஷம் முதற் பரிசு பெற்றவர், இலங்கையிலிருந்து 2006-ம் வருஷம் அங்கே சென்ற தமிழர் ஸ்ரீ தர்ஷன் செல்வராஜா. பரிசோடு, ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருஷம் ரொட்டி வழங்கும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். 'பாண்' என்று சொல்லும் நாட்டில் பிறந்தவருடைய கை பிரான்சின் சம்பிரதாயத்தைக் காப்பாற்றியது! முறை வழுவாமல் செய்கிறவருக்கே சம்பிரதாயம் சொந்தம்.

நம் தேசத்திலும் 'சுத்தமான நெய்யில் செய்தது', 'வீட்டு முறைப் பலகாரம்' என்ற பலகைகளுக்குக் குறைவில்லை. அவற்றின் கீழே உட்கார்ந்து நாம் மௌனமாகச் சாப்பிட்டுவிட்டு, மௌனமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் நெய்யைப் பற்றிச் சந்தேகப்படுகிறோம். "இங்கேயே செய்ததா? எதில் செய்தது?" என்று கடையிலேயே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நேர்மையான கடைக்காரர் அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறார். நாம் கேட்காவிட்டால், அடுப்படியில் விடியுமுன் எழுந்து அவர் படும் பாட்டுக்கும், பக்கத்துக் கடையின் பொய்ப் பலகைக்கும் ஒரே விலைதான்.