மஞ்சள் கட்டம் காட்டும் ஹார்டு டிஸ்க்

2009 அக்டோபரில் உபுண்டு 9.10 வெளியான கையோடு, அதை நிறுவிய பலருக்குத் திரையின் மூலையில் ஒரே அறிவிப்பு வந்தது: ஹார்டு டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கிறது. முந்தைய பதிப்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிய டிஸ்க்குகள் அவை. அவற்றில் நிறைய, அதற்குப் பிறகும் ஒழுங்காகவே ஓடின. கோளாறு, டிஸ்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளில் இருந்தது. டிஸ்க் கொடுத்த எண்ணை அது தப்பாகப் படித்தது. ‘இத்தனை செக்டர் (தகவல் எழுதப்படும் சிறு துண்டு) கெட்டால் ஆபத்து’ என்று தானாகவே ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டது. பின்னால் டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தச் சொந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட எச்சரிக்கையை நம்பி நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். பொய் எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, நிஜமாக வந்ததையும் கண்டுகொள்ளாமல் விட்டு, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்தவர்களையும் தெரியும். அந்த இரண்டாவது கூட்டத்தை நினைத்துத்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். 1990களில் ஐபிஎம், காம்பாக் நிறுவனங்களின் முயற்சிகளில் தொடங்கியது. ஒவ்வொரு விஷயத்துக்கும் டிஸ்க் ஒரு மதிப்பெண் போடும். அது எவ்வளவு இறங்கினால் ஆபத்து என்ற எல்லையையும் வைத்திருக்கும். பக்கத்திலேயே ‘ரா’ மதிப்பு என்று ஒரு நீண்ட எண் நிற்கும். வில்லங்கமெல்லாம் அந்த நீண்ட எண்ணில்தான். அந்த ஆறு பைட்டுக்குள் எதை எப்படி எழுத வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் வசதிப்படி எழுதுகிறார். சீகேட் டிஸ்க்குகளில் ‘சீக் எரர் ரேட்’ என்ற வரியைப் பாருங்கள். கோடிக்கணக்கில் பிழை நடந்ததுபோல் எண் இருக்கும். அதைப் பதினாறடிமான எண்ணாக வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு இலக்கம் வரும். முதல் நான்கு இலக்கம்தான் பிழை. மீதி எட்டும், டிஸ்க்கின் தலை இதுவரை எத்தனை முறை இடம் தேடிப் போனது என்ற கணக்கு. வண்டி ஓடிய கிலோமீட்டரையெல்லாம் விபத்துக் கணக்கில் சேர்த்துப் படித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

எனவே எச்சரிக்கை வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இதைச் சொல்வது யார் என்பதுதான். கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் ‘ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்’ என்று வந்தால், எல்லை தாண்டிவிட்டதாக டிஸ்க்கே சொல்கிறது என்று பொருள். அதோடு வாதாட வேண்டாம். ஃபைல்களை எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். நம்மூரில் பலரும் வைத்திருக்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ காட்டுகிற மஞ்சள் கட்டம் வேறு ரகம். கெட்ட, சந்தேகத்துக்குரிய செக்டர்களை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய வரிகளில் ஒன்றில் பூஜ்யத்துக்கு மேல் எண் ஏறினாலே அது மஞ்சளாகிவிடும். டிஸ்க் வைத்திருக்கும் எல்லையை இன்னும் தொட்டிருக்காது.

எங்கள் பகுதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் அப்படி ஒரு மஞ்சள் கட்டத்தோடு வந்தார். டிஸ்க் முழுக்கக் கல்யாண ஆல்பங்கள். சர்வீஸ் கடையில், “டிஸ்க் போச்சு சார், புதுசு போட்டுடுங்க, டேட்டா எடுக்கத் தனி சார்ஜ்” என்று சொல்லிவிட்டார்களாம். திறந்து பார்த்தேன். 05 பூஜ்யம். சி6 பூஜ்யம். சி5-இல் மட்டும் 8. சி5 என்பது, படிக்க முடியாமல் போய், கெட்டதா நல்லதா என்று இன்னும் முடிவாகாத செக்டர்களின் எண்ணிக்கை. இன்றைய டிஸ்க்குகளில் உள்ளே ஒரு செக்டர் 4,096 பைட். வெளியே 512 பைட்டாகப் பிரித்துக் காட்டுவதால் ஒரே ஒரு செக்டர் சந்தேகத்தில் விழுந்தாலும் 8 என்று வரும்.

“கரண்ட் போனப்போ காப்பி ஓடிக்கிட்டிருந்துச்சா?” என்று கேட்டேன். “ஆமா சார், யுபிஎஸ் பேட்டரி போய் ரொம்ப நாளாச்சு” என்றார்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், ஒரு செக்டரில் எழுதியதும் அதைச் சரிபார்க்கும் குறியீடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றுவிடலாம். அடுத்த முறை படிக்கப் போகும் டிஸ்க் அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கும். உள்ளே தட்டு நன்றாகவே இருக்கும். எல்லாப் படங்களையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். பிறகு ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட்டோம். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதிலும் பூஜ்யம் எழுதுகிறது. எழுதும்போதுதான் அந்தச் செக்டரின் தலையெழுத்து முடிவாகும். நிஜமாகவே கெட்டிருந்தால் டிஸ்க் அதை ஒதுக்கிவைத்து 05-இன் எண்ணைக் கூட்டும். இங்கே சி5 பூஜ்யமானது, 05 அசையவில்லை, கட்டம் நீலமானது. பேட்டரி மட்டும் மாற்றினார்.

05 ஏறியிருந்தால் என் பேச்சே வேறாக இருந்திருக்கும். ஒருமுறை ஏறி அப்படியே நிற்கிற எண்ணைவிட வாராவாரம் ஏறுகிற எண்தான் ஆபத்து. அதனால் எண்ணைத் தேதி போட்டுக் குறித்துவைக்கச் சொல்கிறேன். சி7 வரி இதற்கு நல்ல உதாரணம். அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த கணக்கு; பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றினாலும் பழைய எண் அழியாது. மேலே ஏறாமல் இருந்தால் போதும். வெப்பமும் அப்படித்தான். சில டிஸ்க்குகளில் ஒரு கோடை மத்தியானம் சூடு 55 டிகிரியைத் தாண்டிவிட்டால், ‘முன்பு ஒருமுறை எல்லை மீறியது’ என்ற குறிப்பு ஆயுளுக்கும் நிற்கும். ஃபேனைத் துடைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

தயாரிப்பாளர்களின் பிழையும் உண்டு. க்ரூஷியல் எம்எக்ஸ்500 எஸ்எஸ்டியில் சி5 திடீரென்று 1 ஆகிக் கொஞ்ச நேரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். லினக்ஸில் பலர் பயன்படுத்தும் ஸ்மார்ட்மான்டூல்ஸ், அந்த வரியின் பெயரிலேயே ‘போகஸ்’ என்று சேர்த்துவிட்டது. இதையாவது மன்னிக்கலாம். 2023-இல் சினாலஜியின் நாஸ் (நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் சேமிப்பு) பெட்டிகளில் நடந்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் கண்காணிப்பு மென்பொருள், மூன்று வருடம் ஓடி முடித்த டிஸ்க்குகளுக்கு அந்த ஒரே காரணத்துக்காக எச்சரிக்கை காட்டி, மாற்றச் சொன்னது. ஒரு செக்டர் கூடக் கெட வேண்டியதில்லை, வயதானால் போதும். பழுதைச் சொல்ல வேண்டிய விளக்கை வயதைச் சொல்ல எரியவிட்டால், பழுது வரும் நாளில் அந்த விளக்கை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

நிஜ எச்சரிக்கைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது சிக்கும் பிழை) காட்டிய டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, அப்படிக் காட்டாததைவிட 39 மடங்கு. அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்விட்டன. நீலக் கட்டம் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

மஞ்சளோ நீலமோ, உங்கள் படங்களுக்கு இன்றைக்கே இரண்டாவது பிரதி எடுத்துவையுங்கள். பிறகு 05, சி5, சி6, சி7 நான்கையும் ஒரு தாளில் குறித்து, அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். கடையில் “டிஸ்க் போச்சு” என்றால், எந்த வரியில் எந்த எண் என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில் பணம் கட்டாதீர்கள்.