உருக்கினால் எஞ்சாதது

பழைய பதக்கம் ஒன்றை மாற்றுவதற்காக நகைக்கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. முதலில் எடை போடுவார்கள். பிறகு கழிவு பார்ப்பார்கள். கல்லுக்கு இவ்வளவு, உள்ளே இருக்கும் அரக்குக்கு இவ்வளவு என்று போக, பின்புறத்தில் எனாமல் பூவேலை இருந்தால் அதுவும் கல் கணக்கிலேயே கழிந்துவிடும். மிஞ்சும் தங்கத்துக்கு அன்றைய விலை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று எண்ணிக் கொடுத்த பணம் விற்கும்போது பேச்சிலேயே வராது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. தராசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் சில நூற்றாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கணக்கால் நாம் இழந்தது எத்தனை என்பது உறைக்கும்.

முகலாய அரண்மனைகளில் உருவாகி, பின்னாளில் ஜெய்ப்பூரின் பெயரோடு சேர்ந்துவிட்ட வைரப் பதக்கங்களை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் முழுக்க வைரம். நாம் இன்று மோதிரத்தில் பார்க்கும் பட்டைகள் அதில் இருக்காது. இயற்கையான உருவத்தை அதிகம் குலைக்காமல் தட்டையாக விட்ட போல்கிக் கற்கள் அவை. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகச் சந்தைக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் இந்தியாதான். அதிலும் கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர் போன்ற கோல்கொண்டா சுரங்கங்கள். கல்லின் எடை குறையக் கூடாது என்பது நம் பட்டறைகளின் கவலை. எனவே ஒளிக்கு வேறு வழி தேடி, கல்லின் அடியில் பளபளக்கும் தகடு வைத்தார்கள். பதக்கத்தைத் திருப்பினால் வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் பூக்களும் பச்சை இலைகளும், சிலவற்றில் ஒரு சோடிப் பறவைகளும் இருக்கும். அணிந்தவரின் உடம்பில் படும் பக்கம் அது.

அந்தப் பக்கத்துக்கு ஆன உழைப்பைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பதக்கம் ஐந்து பேர் கைமாறும். ஒருவர் படம் எழுதுவார். பொற்கொல்லர் உருவத்தைச் செய்வார். செதுக்குபவர் பூவும் இலையும் வரவேண்டிய இடங்களைப் பள்ளமாக்குவார். மீனாக்காரர் நிறம் நிரப்புவார். ஜடியா கல் பதிப்பார். பள்ளத்தின் தரையைக்கூடச் செதுக்குபவர் வெறுமனே விடமாட்டார். நுண்ணிய கோடுகளைக் கீறி வைப்பார். எனாமல் அங்கே பிடித்துக்கொள்ளும்; நிறத்தின் ஊடே இறங்கும் ஒளியும் அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பும்.

எனாமல் என்பது உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடிதான். அதைப் பொடியாக அரைத்து, கழுவி, ஈரத்தோடு ஊசிமுனையில் எடுத்துப் பள்ளத்தில் வைத்து உலைக்கு அனுப்புவார்கள். எல்லா நிறமும் ஒரே சூட்டில் உருகுவதில்லை. அதிகச் சூடு தாங்கும் வெள்ளை முதலில் போகும், பிறகு நீலம், பச்சை, கறுப்பு, கடைசியில் சிவப்பு. ஒவ்வொரு முறையும் பதக்கம் முழுவதும் நெருப்புக்குள் போய்வர வேண்டும். தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். எனாமல் உருகுவது ஏறக்குறைய 750 முதல் 850 டிகிரிக்குள். மீனாக்காரருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். வெப்பமானி இல்லாத காலத்தில் உலையின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே எடுத்தார்கள். சற்று மிஞ்சிவிட்டால் ஜெய்ப்பூரின் பேர்பெற்ற சிவப்பு மங்கிக் கருத்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகே கல். அரக்கும் தகடும் உலைச்சூட்டைத் தாங்காது. கல்லைப் பிடித்துவைக்க மறுபடி நெருப்பைக் காட்டினால் எனாமலுக்கு ஆபத்து. இந்தச் சிக்கலை அவிழ்த்தது குந்தன வேலை. மாசு மறுவில்லாமல் புடமிட்ட தங்கத்தை மெல்லிய நாடாவாக்கி, கல்லைச் சுற்றி எஃகுக் கருவியால் அழுத்தினால், சூடே இல்லாமல் தங்கம் தங்கத்தோடு பிணைந்துவிடும். தென்னாட்டுக் கெம்பு நகைகளிலும் குந்தன வேலை உண்டு. பின்புறத்தில் எனாமலுக்குப் பதிலாகத் தங்கத்திலேயே சித்திர வேலை இருக்கும்.

இந்த வேலை வரிசைதான் ஒவ்வொரு பொருளின் தலையெழுத்தையும் முடிவு செய்தது. ஒரு வைரம் விழுந்தால் திரும்பப் பதிக்கலாம். எனாமல் பெயர்ந்தால் எல்லாக் கல்லையும் கழற்றி, அரக்கை எடுத்து, முழுப் பதக்கத்தையும் மறுபடி உலையில் வைக்க வேண்டும். உருக்கினாலும் தங்கம் தங்கம்தான். வைரமும் எந்த நகைக்குப் போனாலும் வைரம்தான். எனாமலைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது கண்ணாடித் தூள். ஆகவே அந்தப் பதக்கம் எந்தப் பட்டறையில், யார் ரசனைக்குப் பிறந்தது என்று சொல்ல எனாமலைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்தச் சாட்சி சொல்லும் கதையும் சுவையானது. 1575இல் அக்பர், ஹாஜி ஹபீபுல்லா என்பவரைக் கைவினைஞர்களோடு போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவுக்கு அனுப்பினார். அங்குள்ள தொழில்களைக் கற்று அவர்கள் 1577இல் திரும்பினார்கள். முகலாய எனாமலில் இத்தகைய ஐரோப்பியத் தொடர்புகளுக்குப் பங்குண்டு என்று கலைவரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள். ஆமேர் அரசர் மான்சிங் லாகூரிலிருந்து சீக்கிய மீனாக்காரர்களை அழைத்துவந்து குடியமர்த்தினார் என்பது ஜெய்ப்பூர் மரபு. கடல் கடந்து வந்த நுட்பம், லாகூர்க் கைகள், தெலுங்கு நாட்டு வைரம், ராஜபுத்திர அரண்மனை எல்லாம் ஓர் உள்ளங்கை அகலத்தில் கூடியிருக்கின்றன. 1886இல் ஜேக்கப், ஹெண்ட்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் ஜெய்ப்பூர் எனாமல்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். செய்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்த நகையிலும் இல்லை.

அழிவு பெரும்பாலும் கல்லைத் தேடியே வந்தது. 1739இல் பாரசீக அரசர் நாதிர் ஷா டெல்லியின் கருவூலத்தை அள்ளிப் போனபோது, பல நகைகளின் கற்கள் வேறு அலங்காரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கொள்ளையில் ஒரு சிறு பகுதி தப்பியது வேடிக்கை. அவர் ரஷ்யாவுக்கு அனுப்பிய தூதுக்குழு 1741இல் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தது. பரிசாகப் போன முகலாயப் பொருள்கள் அங்கே உருக்கப்படாமல் கிடந்து, இன்று ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. டெல்லியிலேயே இருந்திருந்தால் அவற்றுக்கு அந்த நிம்மதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

கோஹினூர் இன்னும் தெளிவான பாடம். பஞ்சாப் அரசர் ரஞ்சித் சிங் அதை எனாமல் வேலை செய்த தங்கத் தோள்வளையில் பதித்து அணிந்தார். 1850இல் அது விக்டோரியா அரசியிடம் போனது. கல்லைக் கழற்றி, 1852இல் ஐரோப்பியப் பட்டை தீட்டினார்கள். சுமார் 186 காரட் 105.6 காரட்டாகச் சுருங்கியது. தோள்வளை இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது, வைரம் இருந்த இடத்தில் படிகக் கல்லோடு. கோஹினூரைத் திருப்பிக் கொடு என்று எத்தனையோ குரல்கள் எழுந்தாயிற்று. அந்தத் தோள்வளையைக் கேட்டு எழுந்த குரல் என் காதில் விழுந்ததில்லை. பஞ்சாபின் கைவினை மிஞ்சியிருப்பது அதில்தான்.

சுதந்திர இந்தியாவும் நகையை முதலில் தங்கமாகத்தான் பார்த்தது. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றது. நம் பத்தர்களும் ஆசாரிகளும் பிழைப்பிழந்து தெருவுக்கு வந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தூய தங்கத்தை நம்பிய எனாமலுக்கும் குந்தனத்துக்கும் அந்த விதி பொருந்தவே பொருந்தாது. 2021இல் ஹால்மார்க் கட்டாயமானபோது குந்தன், போல்கி, ஜடாவு நகைகளுக்கு விலக்கு அளித்தார்கள். அளவுகோலுக்கு அடங்காத பொருள் உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டது என்றே இதைக் கொள்ளலாம்.

உருக்குவதையே பழி சொல்வதும் நியாயமில்லை. நம் குடும்பங்களில் நகை என்பது சேமிப்பு. மகள் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ பதக்கத்தை விற்கும் தாயிடம் போய்க் கலைவரலாறு பேச முடியாது. உருக்கியதால்தான் தலைமுறைக்குத் தலைமுறை பட்டறைக்குப் புது வேலை கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் அன்று உருகிய நகைக்கு ஈடாக இன்னொன்றைச் செய்யும் கைகள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தன. இன்று அச்சிலும் இயந்திரத்திலும் நகை வருகிறது. ஒன்று உருகினால் அந்த வகையே ஒன்று குறைகிறது.

வேலைக்கு விலையே இல்லை என்பதும் சரியல்ல. 2019இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நடத்திய மகாராஜா, முகலாய நகை ஏலத்தில் மொத்தம் சுமார் 10.9 கோடி டாலருக்கு விற்பனை நடந்தது. முழுதாகத் தப்பி வெளிநாடு போன பொருளுக்குத்தான் அந்த மதிப்பு. உள்ளூர்க் கடை மேசைக்கு வந்ததற்குக் கழிவு. ஆகவே மாற வேண்டியது மேசை வழக்கம். எனாமலும் குந்தனமும் உள்ள பழைய நகை வந்தால், உருக்குமுன் அதன் வேலைக்குத் தனியே மதிப்புப் போடச் சொல்லலாம். இரு பக்கமும் படம் எடுத்து வைக்கலாம். மாநில அருங்காட்சியகங்கள், ஏலத்தில் தோற்பதற்கு முன்னால், அந்த மேசையிலேயே வாங்குவதற்குச் சிறு நிதி ஒதுக்கலாம். தங்கம் விலையேறி, பழைய நகைகள் கூட்டமாக உலைக்குப் போகும் இந்த நாட்களில்தான் அது அவசரம். செய்கூலியை வாங்கும்போது மட்டும் ஒப்புக்கொள்ளும் வணிகம், விற்கும்போதும் அதை ஒப்புக்கொள்ளட்டும்.