மரக்கோலும் ஒரு கருவியே

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு அம்பாசிடர் மகிழுந்தின் உற்பத்தி நின்றது. சாலையில் வண்டிகள் நின்றுவிடவில்லை. அவற்றின் கிளட்ச் தட்டை மாற்றுகையில், தட்டின் நடுத்துளையும் எந்திரத் தண்டின் முனைத்துளையும் நேர்கோட்டில் அமைதல் வேண்டும். சற்றே விலகினும் கியர்பெட்டியின் தண்டு நுழையாது. வலிந்து தள்ளினால் தட்டு வளைந்து கெடும். உரிய கருவி கிடைக்காதபோது, பழைய கியர்பெட்டித் தண்டை அளவாகக் கொண்டு மரக்கோல் ஒன்றைச் செதுக்குகின்றனர் பழுதுபார்ப்போர். நுனி மெலிந்திருக்கும், நடுப்பகுதி பருத்திருக்கும், தளர்வான இடத்தில் ஒட்டுநாடா சுற்றுவர். செலவோ ஒரு மரத்துண்டே!

இதனை ஒப்பேற்றும் வேலை என இகழ்தல் தகாது. அளந்து, செதுக்கி, பொருத்திப் பார்த்துத் திருத்துவதும் பொறியியலே. ஆயினும் அந்த அளவுகள் பெரும்பாலும் கைவினைஞரின் நினைவிலேயே உள்ளன. முதியோர் தொழிலை விடுமுன், தொழிற்பயிற்சி நிலையங்கள் அவற்றைப் படத்துடன் எழுதிவைத்தல் வேண்டும்.