மூடாத ஜன்னலும் நமது கோரிக்கைதான்

போன மாதம், ஒரு வாரமாகப் பாடசாலைக்கு வராத பிள்ளையைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு விடாத இருமல். அறைக்கு இருந்த ஒரே ஜன்னலைப் பொலித்தீன் வைத்து ஆணி அடித்து அடைத்திருந்தார்கள். ஜன்னலைச் சுற்றியிருந்த பலகை வளைந்து சுவரை விட்டு விலகியதால் கதவு மூடவில்லை. மழையும் மணலும் உள்ளே வந்தன. அடைத்த பிறகு, மட்டை எரிக்கும் அடுப்பின் புகை வெளியே போக வழியில்லை.

"துரைக்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் போய்ச் சொல்ற விஷயமா டீச்சர்?" என்றார் தாய்.

சொல்ல வேண்டிய விஷயம்தான். பலகை வளைந்தது அந்தத் தாயின் கவனக்குறைவால் அல்ல. மாம்புரியின் கடற்காற்று எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். 2010 முதல் காற்றாலைகள் சுழல்வதும் அந்தக் காற்றில்தான். அது உப்பையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. பலகையின் முன்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் பூசி, பின்பக்கத்தை வெறுமையாக விட்டால், சுவர்ப்பக்கம் ஈரத்தைக் குடித்து ஊதும். வெயில் படும் பக்கம் காயும். பலகை வளையாமல் என்ன செய்யும்? இரும்பு ஆணியையும் உப்பு தின்றுவிடுகிறது.

ஆகவே பழைய பலகை மேல் இன்னொரு ஆணி அடித்துவிட்டுப் போவது திருத்த வேலை ஆகாது. கத்தி முனையால் மரத்தைக் குத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் கழற்றி, நிழலில் காயவைத்து, எல்லாப் பக்கமும் பெயின்ட் பூசி, நாகமுலாம் பூசிய ஸ்க்ரூவால் இறுக்கிப் பார்க்கலாம். முனை சுலபமாக இறங்கினால் மரம் உக்கிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். தென்னம்பலகை போடுவதென்றால் முதிர்ந்த மரத்தின் வெளிப்பக்கத்தில் அறுத்ததாக இருக்கட்டும். நடுப்பகுதி மிருதுவானது, ஈரத்தை உறிஞ்சும்.

செலவு யாருடையது? உறுதிப்பத்திரம் நம் கையில் இல்லை. வேலையை விட்டால் வீட்டையும் விடச் சொல்கிறார்கள். அப்படியானால் வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் திருத்தித் தர வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில், 1912 இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே லயன்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது தோட்ட அத்தியட்சகரின் கடமை என்று எழுதியது. நூறு வருடத்துக்குப் பிறகு நாம் அதைவிடக் குறைவாகக் கேட்கலாமா?

சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது ஜன்னலைப் பற்றிப் பேசுவதா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கூடிய சம்பளம் மருந்துக்கே போனால் நமக்கு என்ன மிச்சம்?

இங்கே பெருமழை ஒக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் வீடு வீடாகப் போய் மூடாத ஜன்னல்களை எண்ண வேண்டும். வீட்டு இலக்கத்தோடு கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது மறக்கப்படும். திருத்தச் செலவைச் சம்பளத்தில் வெட்டுவதற்கு யாரும் சம்மதிக்க வேண்டாம்.

அந்தத் தாயின் கடிதத்தை அன்றே எழுதிவிட்டோம். அடுத்தது உங்கள் வீட்டுக் கடிதம்.