பரணில் கிடக்கும் பழைய கிட்டார்... எதை மாற்றினால் சத்தம் மாறும்?

பல வருஷம் பரணில் கிடந்த கிட்டாரை இறக்கித் தூசி தட்டி ஒரு மீட்டு மீட்டினால், 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். அப்பா சர்ச் கொயரில் வாசித்தது, சித்தப்பா காலேஜ் படிக்கும்போது வாங்கியது என்று அதற்கு ஒரு கதை இருக்கும். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இப்படிக் கிட்டார் தூங்கும் வீடுகள் நிறைய. மிஷனரிகள் காலத்திலிருந்தே தேவாலயமும் பாடகர் குழுவும் பழகிப்போன ஊர்கள் இவை.

கிட்டார் கீழே இறங்கியதும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகும். 'எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கு' என்பது ஒன்று. 'ஆன்லைன்ல பார்ட்ஸ் வாங்கி மாத்திடலாம்' என்பது இன்னொன்று. இதில் அதிகம் செலவழித்து ஏமாறுவது இரண்டாவது கட்சிதான். பளபளவென்று தெரிகிற பார்ட்ஸை முதலில் மாற்றுவார்கள். சத்தத்தைத் தீர்மானிக்கிற பார்ட்ஸ் பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் இருக்கும்.

முதல் செலவு கம்பிக்குத்தான். துருப்பிடித்த கம்பியை வைத்துக்கொண்டு வேறு எதை மாற்றினாலும் வீண். பாஸ்பர் பிரான்ஸ் கம்பி கொஞ்சம் இதமான நாதம் தரும். 80/20 பிரான்ஸ் பளிச்சென்று கேட்கும். சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலையே பாதி கிட்டார்களுக்கு உயிர் கொடுத்துவிடும். கனமான கம்பி போட்டால் சத்தம் கூடும் என்று யாராவது சொன்னால் மட்டும் யோசியுங்கள். 12 முதல் 53 வரை உள்ள சாதாரண லைட் செட்டே ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஓர் ஆள் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. பழைய கிட்டாருக்கு 10-ல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் போதும். நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போடவே கூடாது. போட்டால் ஒருநாள் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

அடுத்தது சாடில். வீணையில் குதிரை என்று சொல்வோமே, கிட்டார் பிரிட்ஜின் மேல் அதே வேலையைச் செய்கிற வெள்ளைப் பட்டை இது. கம்பியின் அதிர்வு இதன் வழியாகத்தான் மேல் பலகைக்கு இறங்குகிறது. விலை குறைந்த கிட்டார்களில் இது பிளாஸ்டிக்காக இருக்கும். பலவற்றில் அடிப்பக்கம் குடைந்த வெற்றுப் பிளாஸ்டிக். அதை எடுத்துவிட்டு எலும்பில் செய்த சாடில் வைத்தால் நாதம் தெளிவாகும், கொஞ்சம் நேரம் கூடுதலாக நிற்கும். எலும்பு என்றால் மாட்டெலும்புதான். உலகத்தின் விலை உயர்ந்த கிட்டார்கள் பலவற்றிலும் இதே எலும்புதான்.

தோல் மண்டலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாட்டின் தோல் லாரி லாரியாக வந்து இறங்குகிற ஊரில், எலும்புப் பட்டையை ஆன்லைனில் ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கறிக்கடையில் கிடைக்கும் கால் எலும்பே போதும். கொதிக்க வைத்து, மஜ்ஜையைச் சுரண்டி, கொழுப்பு போகக் கழுவி, சில வாரம் காயவிட்டு, இரும்பு ரம்பத்தால் அறுத்தால் பட்டை தயார். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம். எலும்புத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் அறுத்த பட்டையாகவே வாங்கலாம். எலும்பே வேண்டாம் என்கிற வீடுகளுக்கு டஸ்க், மைக்கார்ட்டா என்று செயற்கைப் பொருள்களும் இருக்கின்றன. சத்தத்தில் அவை ஒன்றும் மோசமில்லை.

ஆனால், எலும்பு என்பதாலேயே சத்தம் வந்துவிடாது. பட்டை பள்ளத்தில் ஆடாமல் உட்கார வேண்டும். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும், நல்ல எலும்பு சுமாரான பிளாஸ்டிக்கிடம் தோற்றுவிடும். பள்ளத்தின் அகலம் கிட்டாருக்குக் கிட்டார் மாறும். சிலவற்றில் 2.4 மில்லிமீட்டருக்குப் பக்கம், சிலவற்றில் 3.2 வரை. தோலின் கனம் பார்க்கிற கேஜ் வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதுவே இதற்கும் உதவும். மேல்தோல் 1.2-ஆ 1.4-ஆ என்று விரலால் தொட்டே சொல்கிற ஷூ கம்பெனித் தொழிலாளிக்கு, ஓர் எலும்புப் பட்டையைச் சமமாகத் தேய்ப்பது பெரிய வித்தை அல்ல. ஒரு கணக்கை மட்டும் மறக்கக் கூடாது. 12-வது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1 மில்லிமீட்டர் குறைய வேண்டுமென்றால், சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தடித்த கம்பி அந்த இடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் பெரும்பாலோருக்கு வசதி. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பது நல்லது.

கழுத்து முனையில் இருக்கும் நட்டையும் எலும்பாக்கலாம். ஆனால், அதன் பலன் விரல் வைக்காமல் மீட்டும்போதுதான் தெரியும். விரல் வைத்ததும் அந்த முனையில் கம்பியைத் தாங்குவது ஃப்ரெட். ட்யூனிங் கீ மாற்றினால் சுருதி நிற்கும், நாதம் மாறாது. பித்தளை பிரிட்ஜ் பின்? காசு மிச்சமிருந்தால்.

சரி, எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பழைய பிளைவுட் கிட்டார் விலை உயர்ந்த கிட்டாராகிவிடுமா என்றால், ஆகாது. இதை 1862-லேயே ஒருவர் காட்டிவிட்டார். ஸ்பெயின் நாட்டு கிட்டார் தச்சர் அன்டோனியோ டி டோரஸ், முதுகையும் பக்கவாட்டையும் காகிதக் கூழில் செய்து, மேல் பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து ஒரு கிட்டார் செய்தார். அது இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சத்தத்தில் பெரும்பங்கு மேல் பலகைக்குத்தான் என்பதே அவர் சொல்ல வந்தது. உங்கள் கிட்டாரின் நடு ஓட்டை விளிம்பை உற்றுப் பாருங்கள். மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை ஒரே பலகையாக இறங்கினால் சாலிட் மரம், செலவு செய்யத் தகுதியானது. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அதற்குக் கம்பி, எலும்பு சாடில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாலிட் மரமாக இருந்து, பக்கவாட்டும் ஈட்டி மரம் என்றால் அதை எடைக்குப் போடுவது பாவம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் நம் ஈட்டி மரத்துக்கு மாறியது. அந்த மரத்தைக் காக்க 1994-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

செலவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர்ந்துகொண்டிருக்கிறது. உடனே கம்பியைத் தளர்த்துங்கள். பக்கத்துத் தச்சரிடம் கொடுத்தால், வெள்ளைப் பசை வைத்துக் கிளாம்ப் போட்டுத் தருவார். மேஜைக்கு அது சரி. 70 கிலோ இழுவையும் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலும் சேர்ந்தால், அந்தப் பசை மெல்ல நழுவும். மீண்டும் ஒட்டப்போனால் பழைய பசையைச் சுரண்டுவதே பெரும்பாடு.

பழைய தச்சர்கள் வஜ்ரம் என்று ஒன்று காய்ச்சுவார்கள். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கொதிக்கவிடாமல் சுமார் 60 டிகிரியில் இளக்கிச் சூடாகத் தடவுவது. அது என்ன? பதனிடாத தோலின் ஓரத் துண்டும் உட்பக்கச் சவ்வும்தான். தோல் பதனிடுவது என்றால் கொலாஜன் என்ற புரதத்தைக் கரையாமல் கட்டிப்போடுவது. வஜ்ரம் காய்ச்சுவது அதற்கு நேர் எதிர், அதைக் கரையவிடுவது. காய்ந்தபின் கல் மாதிரி இறுகும், நழுவாது. வேண்டுமென்றால் சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கவும் முடியும். மார்ட்டின் தன் சில உயர்விலை மாடல்களில் இன்றும் தோல் பசையைத்தான் பயன்படுத்துகிறது. வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ வஜ்ரம் காய்ச்சத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், பிரிட்ஜை அவரிடம் கொடுங்கள். அந்தப் பசைக்கும் ஓர் எல்லை உண்டு. மூடிய காருக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ கிட்டாரை வைத்தால் அதுவும் இளகிவிடும். பரண் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. 'பழைய தந்தத்தில் செய்த நட், சாடில்' என்று யாராவது விற்றால் தொடாதீர்கள். யானைத் தந்த வியாபாரம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வேலையைத் தொடங்கும் முன், அதே பழைய கம்பியோடு ஒரு பாட்டை வாசித்து போனில் பதிவு செய்யுங்கள். கம்பி மாற்றியதும் அதே அறையில், அதே நாற்காலியில், போனை அதே தூரத்தில் வைத்து இன்னொரு பதிவு. சாடில் மாற்றிய பிறகு மூன்றாவது. எது எது என்று சொல்லாமல் மூன்றையும் அந்த அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், அடுத்த பார்ட்டை கார்ட்டிலிருந்து எடுத்துவிடலாம்.