தெரியலைன்னா தெரியலைன்னு காட்டுங்கப்பா!

பருத்திப்பட்டுல கிளம்பி ஆவடி, திருமுல்லைவாயல் தாண்டி அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர்றதுக்குள்ள மனசுக்குள்ள பத்து தடவை திட்டித் தீர்த்துட்டேன். ஆறலை. அதான் எழுதிடறேன்.

மெஷின் பக்கத்துல ஒரு டச் ஸ்கிரீன் இருக்கும். ஹெச்எம்ஐன்னு சொல்வோம். வெப்பம், அழுத்தம், வேகம் எல்லாம் அதுல நம்பரா ஓடும். அந்த நம்பரை ஓட வைக்கிறதுதான் என் பொழப்பு. ஒரு கட்டம் போட்டு, மெஷினை ஓட்டற பிஎல்சில எந்த முகவரின்னு குடுத்து, புள்ளி எங்கன்னு சொன்னா வேலை முடிஞ்சது. அங்க 8423ன்னு இருந்தா இங்க 842.3.

இந்தச் சுலபத்துலதான் ஆப்பு.

போன மாசம், ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட். ஃபர்னஸோட டெம்பரேச்சர் கன்ட்ரோலர் பேனல் பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கு. அது அனுப்புறதை பிஎல்சி வாங்கி ஸ்கிரீனுக்குக் குடுக்கும். நடுவுல கேபிள் கழண்டுடுச்சு. கடைசியா வந்த 842 அப்படியே பிஎல்சி மெமரில ஒக்காந்துடுச்சு. அன்னிக்குன்னு பார்த்து ஹீட்டர்ல ஒரு ஃபேஸும் போச்சு. ஃபர்னஸ் ஆறிக்கிட்டே இருக்கு, ஸ்கிரீன் 842ங்குது. ஹார்ட்னஸ் வராம மொத்த லாட்டும் ரிஜெக்ட். மெமோ யாருக்கு? ஆபரேட்டர் அண்ணனுக்கு. "கவனக்குறைவு"ன்னு.

"ஏன் தம்பி, நம்பர் செத்துப்போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"னு அவர் கேட்டப்ப என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா அந்த ஸ்கிரீனை எழுதினது நான்தான். கடைசி டிஜிட் ஆடிக்கிட்டே இருக்கு, கண்ணை உறுத்துதுன்னு மேனேஜர் சொன்னதும் புள்ளிக்கு அப்புறம் வர்றதைத் தூக்கினதும் நானேதான். அந்த ஆட்டத்தை வெச்சுத்தான் நம்பருக்கு உயிர் இருக்குன்னே தெரியும்னு அப்ப உறைக்கலை.

4-20 மில்லி ஆம்பியர் சிக்னல் ஏன் பூஜ்யத்துல ஆரம்பிக்காம 4ல ஆரம்பிக்குது? ஒயர் அறுந்தா பூஜ்யம் வரும். அளவே குறைஞ்சிருக்கா, ஒயர் அறுந்திருக்கான்னு வித்தியாசம் தெரியணும்ல? மைக்ரோபிராசசர் வர்றதுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்காங்க. நாம என்ன பண்றோம்? "மைனஸ்ல காட்டினா அசிங்கமா இருக்கு"ன்னு அதைப் பூஜ்யமாக்கி மறைச்சிடறோம்.

"ஒரு நம்பருக்கு இவ்ளோ பில்டப்பா?"ங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2005 மார்ச் 23, டெக்சாஸ் சிட்டி, பிபி சுத்திகரிப்பு ஆலை. 170 அடி கோபுரத்துல திரவம் 158 அடி வரைக்கும் ஏறிடுச்சு. ஸ்கிரீன்ல 8 அடிக்கும் கீழ, அதுவும் மெல்ல இறங்குற மாதிரி! கீழ்ப்பக்கம் சுமார் 9 அடி வரைக்கும்தான் அளக்கத் தெரிஞ்ச கருவி அது. அதைத் தாண்டினதும் "எனக்குத் தெரியலை"ன்னு சொல்லாம ஏதோ ஒரு நம்பரைச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. உள்ள எவ்ளோ போகுதுங்கறது ஒரு ஸ்கிரீன்ல, வெளிய எவ்ளோ வருதுங்கறது இன்னொரு ஸ்கிரீன்ல. கோபுரம் வழிஞ்சு, வெடிச்சு, 15 பேர் செத்தாங்க.

நம்ம கேஸுக்கு மருந்து ரொம்பச் சின்னது. கன்ட்ரோலர்கிட்டேர்ந்து பதில் வர்றப்பல்லாம் பிஎல்சில ஒரு கவுன்ட்டர் ஒண்ணு கூடட்டும். அஞ்சு செகண்டா கூடலையா, நம்பரை எடுத்துட்டு நட்சத்திரம் போடு, அலாரம் அடி. மிஞ்சிப் போனா அரை நாள் வேலை.

"நட்சத்திரம் தெரிஞ்சா ஆடிட்டர் கேள்வி கேப்பாரு"ங்கறார் மேனேஜர். கேக்கட்டுமே, கேக்கத்தானே வர்றார்! "ஸ்பெக்ல இல்லையே பாஸ்"ங்கறாங்க நம்ம ஆளுங்க. பொய் சொல்லணும்னும் ஸ்பெக்ல இல்லையேப்பா!

நேத்துப் போய் மாத்திட்டேன். புள்ளியும் திரும்ப வந்தாச்சு. தப்பு ஸ்கிரீன்ல, அதாவது என் மேலன்னு எழுதியும் குடுத்துட்டேன். "பார்க்கலாம்"னாங்க. மெமோ இன்னும் அண்ணனோட ஃபைல்லயேதான் இருக்கு. அடுத்த வாரம் திரும்பப் போறேன், விடறதா இல்லை.